பென்சிலில் எழுதிய அறுபது விடைகள்

எங்கள் கல்லூரியில் ஆனர்ஸ் வகுப்பு என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு துறையிலும் முதல் சில இடங்களில் வருகிறவர்களைப் பொறுக்கியெடுத்து, சனிக்கிழமையும் வரவழைத்துக் கூடுதல் பாடம் நடத்துவார்கள். நாட்டின் எதிர்காலமே எங்கள் கையில் இருப்பதாக மேடைக்கு மேடை சொன்னார்கள். எங்கள் கையில் இருந்ததெல்லாம் பழைய வினாத்தாள்களின் ஜெராக்ஸ்தான். எந்தப் பாடமானாலும் முதலில் அதைத் தேடுவோம். புத்தகத்தை அப்புறம்தான் திறப்போம்.

இறுதியாண்டில் ஓர் அறிவிப்பு வந்தது. புதிதாக ஏதாவது செய்யக்கூடிய ஒரே ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்து, சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ஆறு மாதம் அனுப்புவார்களாம். அந்த ஓர் இடம் எனக்கு வேண்டும் என்று வெறியாக இருந்தேன். அதற்குக் காரணம் இருந்தது. என் அப்பா முத்தையாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் உப்பளத்தில் வேலை பார்க்கிறார். உப்புத் தண்ணீர் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். டிகிரி பார்ப்பது என்று பெயர். அந்தக் கண்ணாடி கை தவறினால் உடைந்துவிடும். உடைத்தவருக்குத் திட்டு விழும். நான் மூன்று பிளாஸ்டிக் மணிகளுக்குள் வெவ்வேறு அளவு மணலும் மெழுகும் அடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் இறுக இறுக ஒவ்வொன்றாக மேலே வரும். மூன்றாவது மணியும் மிதந்துவிட்டால் தண்ணீரை உப்பு விளையும் பாத்திக்குத் திருப்பிவிடலாம். வாளியில் அது வேலை செய்தது. வெயிலில், பாத்தியில், மாதக்கணக்கில் தாங்குமா என்று பார்க்க எனக்கு ஓர் ஆய்வுக்கூடம் வேண்டியிருந்தது.

இதெல்லாம் ஒருத்திக்கு மட்டும் தெரியும். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். மூன்று வருடமாக ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். அவளும் அந்த இடத்துக்கு முயன்றாள். யாருக்குக் கிடைத்தாலும் சந்தோஷம் என்று பேசிக்கொண்டோம். நான் அதை மனதாரத்தான் சொன்னேன்.

தேர்வு எப்படி என்றால், அறுபது வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவம். ‘செய்தது தோற்றாலும் மறுபடியும் தொடங்குவேன்’ என்பது போல. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘முற்றிலும் பொருந்தும்’ என்பதில் தொடங்கி ‘சற்றும் பொருந்தாது’ வரை ஐந்து கட்டங்கள். இதில் சரி, தப்பு என்று எதுவும் கிடையாது, உங்கள் குணம் தெரிந்தால் போதும் என்று ஆனர்ஸ் வகுப்பு மேடம் படித்துப் படித்துச் சொன்னார். ஆனர்ஸ் மாணவர்கள் நம்புவார்களா? மறுநாளே வகுப்பு முழுக்கப் போன வருடப் படிவத்தைத் தேட ஆரம்பித்துவிட்டது. குணத்துக்கும் மாதிரி வினாத்தாள் தேடிய கூட்டம் உலகத்திலேயே நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

சீனியர்களோடு அவளுக்குத்தான் பழக்கம். கேட்டேன். யாரிடமும் இல்லையாம் என்றாள். பிறகு, சாப்பிட்டுக்கொண்டே, இதையும் சொன்னாள்.

“நடுவுல பொய்யப் பிடிக்கதுக்குன்னே கேள்வி வச்சிருக்காங்களாம். பெருமையா எழுதுனா மாட்டிக்கிடுவோம். நீ அடக்கியே எழுதுளா.”

நான் அடக்கியே எழுதினேன். ‘துணிந்து முடிவெடுப்பேன்’ என்பதற்கு நடுக்கட்டம். ‘புதியவர்களிடம் பேசத் தயங்கமாட்டேன்’ என்பதற்கு நடுவுக்கும் கீழே. தன்னைத் தானே உயர்த்திச் சொல்லக் கூடாது என்று வளர்த்த வீடு வேறு. எழுதி முடித்தபோது நல்ல பிள்ளையாக நடந்துகொண்ட திருப்திகூட இருந்தது.

அவளுக்குக் கிடைத்தது. எனக்கு வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் பேக்கரிக்குப் போய் கால் கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு வந்து அவள் வாயில் ஊட்டினேன். அவள் மென்றபடியே என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

அடுத்த வாரம், இரவல் வாங்கியிருந்த என் ரெக்கார்டு நோட்டைத் திருப்பித் தந்தாள். வீட்டில் பிரித்தபோது நடுவிலிருந்து மடித்த தாள்கள் விழுந்தன. போன வருடத்துப் படிவம், நாங்கள் எழுதிய அதே அறுபது வாக்கியங்கள், ஜெராக்ஸில் இரண்டு பிரதிகள். இரண்டிலும் அவளுடைய சிறிய பென்சில் எழுத்து. முதல் பிரதியின் தலையில் ‘நான்’ என்று எழுதியிருந்தாள். கட்டங்கள் பெரும்பாலும் நடுவிலும் கீழேயும். கட்டத்துக்கு ஐந்திலிருந்து ஒன்று வரை அவளாகவே மார்க் போட்டுக் கூட்டியிருந்தாள். மொத்தம் குறைவு. இரண்டாவதன் தலையில் ‘அவள்’ என்று இருந்தது. ஓரங்களில் குறிப்புகள் வேறு.

‘தோற்றாலும் மறுபடியும் தொடங்குவேன்’ என்பதற்கு எதிரே: நாலு தடவை மணி மூழ்கியது, ஐந்தாவது தடவை மிதந்தது. ‘புதியவர்களிடம் பேசத் தயங்கமாட்டேன்’ என்பதற்கு எதிரே: துறைமுக கேட்டில் லாரியை நிறுத்தி டிரைவரிடம் தெர்மாகோல் கேட்டு வாங்கினாள். ‘துணிந்து முடிவெடுப்பேன்’ என்பதற்கு எதிரே: ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பாத்தியில் இறங்கினாள். எல்லாம் ‘முற்றிலும் பொருந்தும்’. மார்க் எங்கேயோ உயரத்தில் இருந்தது.

அந்தத் தாளைக் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார்.

“அந்தப் பிள்ள ரெண்டு காப்பி எடுத்துச்சே. ஒண்ணு ஒனக்குன்னுல்லா சொல்லிச்சு.”

பழைய பஸ் நிலையத்தில் அவளைப் பிடித்தேன். தாளை நீட்டினேன். மறுக்கவில்லை, அழவில்லை. எனக்கும் கொடுக்கத்தான் இரண்டு எடுத்தாளாம். தன்னை எழுதிக் கூட்டிப் பார்த்ததும் மனசு மாறிவிட்டதாம். என்னை எழுதிப் பார்த்ததும் இன்னும் மாறிவிட்டதாம். தேர்வன்று, என்னை நினைத்து எழுதியதையே அப்படியே எழுதிவிட்டு வந்திருக்கிறாள்.

“ஒம் மணிய நான் தொடல. எம் புராஜெக்டு எனக்கு இருக்கு,” என்றாள்.

எவ்வளவு நேர்மை, பாருங்கள். மணியைத் தொடாமல் ஆளையே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மூன்று வருடம் அவளுக்கு முன்னால் நான் செய்ததை எல்லாம், ஒன்று விடாமல் பார்த்திருக்கிறாள். பார்த்ததைக் கொண்டே என்னைக் கவிழ்த்தும் விட்டாள்.

“நீ அடக்கி எழுதச் சொன்னியே, அது எதுக்கு?” என்று கேட்டேன்.

“நீ உள்ளத எழுதுனா எனக்குக் கெடைக்காதுல்லா.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். நான் மேடத்திடம் போகவில்லை. போய் என்ன சொல்வது? என் கையால் நானே எழுதிக் கொடுத்த படிவம் அங்கே இருக்கிறது. நான் துணிச்சல் இல்லாதவள் என்று அதில் என் கையெழுத்தோடு இருக்கிறது.

மணிகள் இப்போது அப்பாவின் வாளியில் கிடக்கின்றன. வெயிலில் ஒன்று வெடித்துவிட்டது. கண்ணாடியை வைத்துத்தான் இன்றும் டிகிரி பார்க்கிறார்கள்.

போன வருடம் ஒரு ஷிப்பிங் ஆபீசுக்கு வேலை கேட்டுப் போனேன். எழுத்துத் தேர்வு முடிந்ததும் ஒரு தாள் கொடுத்தார்கள். அதே மாதிரி வாக்கியங்கள், அதே மாதிரி கட்டங்கள். பேனா வழக்கம்போல நடுக்கட்டத்துக்குப் போனது. நிறுத்திக்கொண்டேன். அந்தப் பென்சில் தாளை நான் கிழித்துப் போடவில்லை. எத்தனையோ தடவை படித்து வயிறெரிந்திருக்கிறேன். மனப்பாடம் செய்வதில்தான் நாங்கள் கெட்டிக்காரர்களாயிற்றே. அவள் என்னைப் பற்றி எழுதியிருந்ததை நினைவிலிருந்து எடுத்து, கட்டம் கட்டமாக எழுதிக் கொடுத்தேன்.

வேலை கிடைத்தது. யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்தபோது அவள் முகம்தான் வந்தது. போனில் இன்னும் அவள் நம்பர் இருக்கிறது. கூப்பிடவில்லை. என்னை அவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தவள் வேறு யாரும் கிடையாது. என்னைத் தெரியாமல் செய்திருந்தால் எப்போதோ மன்னித்திருப்பேன்.