அரைக்கு அப்புறம் ஒன்று: சலுகைப் பாஸில் டம்டம் போன கதை

எழுபதுகளின் கடைசியில், ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, கரியாஹாட்டிலிருந்து டம்டம் விமான நிலையத்துக்குப் பஸ்ஸில் போனேன். தம்பி சாமா மெட்ராஸிலிருந்து வந்து, அங்கே விமானம் மாறி, பாங்காக்குக்கு வேலைக்குப் போகிறான். அவனைப் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. "பத்தரைக்கு வெளியே நிற்பேன். பதினோரு மணிக்கு உள்ளே போயாகணும்" என்று எழுதியிருந்தான்.

டாக்சிக்கு முப்பது ரூபாய் கேட்பார்கள். என்னிடம் ஆசிரியர்களுக்கான சலுகை மாதப் பாஸ் இருந்தது. விமான நிலையத்தின் ஒன்றாம் நம்பர் கேட் வரை செல்லும். சுமார் இருபது கிலோமீட்டர். ஒன்பது மணிக்குப் பாராசாத் பஸ்ஸில் ஏறினேன்.

நாகர்பஜாருக்குப் பிறகு கூட்டத்தில் ஜன்னலே தெரியவில்லை. "அராய் நம்பர்! அராய் நம்பர்!" என்று வங்காளியில் கத்தியபடி கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டினார். என் காதில் 'அரை' என்று விழுந்தது. நான் கணக்கு வாத்தியார். அடிக்கோலில் அரைக்கு அடுத்து ஒன்றுதானே? நிம்மதியாக நின்றேன்.

அடுத்த நிறுத்தத்தில் "தீன் நம்பர்!" என்றார். மூன்று! பதறிப்போய்ப் பாஸை நீட்டினேன்.

"ஒண்ணு எப்பவோ போயாச்சு, மாஸ்டர்மொஷாய்!"

"நான் கணக்கு மாஸ்டர். அரைக்கு அப்புறம் ஒண்ணுதானே?"

"அராய்னா டூ அண்ட் ஹாஃப்! ரெண்டாம் கேட்டுக்கும் மூணாம் கேட்டுக்கும் நடுவிலே இருக்கிற கேட்!"

"கணக்கு மாஸ்டராம்!" என்று பின்னாலிருந்து ஒரு பெண்மணி சொல்ல, பஸ்ஸே சிரித்தது. ஆனால் தம்பி விஷயம் சொன்னதும் சிரிப்பு நின்றது. நாலைந்து பேர் "ரோக்கே! ரோக்கே!" என்று கூவி, எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தினார்கள். "மாஸ்டர்மொஷாய்க்கு ப்ளேன் இருக்கு!" என்று சொல்லி என்னை அதில் ஏற்றிவிட்டார் கண்டக்டர். அந்தப் பஸ்ஸில் இருந்தவர்களோ நான்தான் பறக்கப்போகிறேன் என்று நினைத்து வழிவிட்டார்கள். "ப்ளேன் பிடிக்கிறவர் பஸ் பாஸ் காட்டறாரே! உள்ளே வையுங்க, தாதா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் அதன் கண்டக்டர்.

ஒன்றாம் கேட்டில் இறங்கி ஓடியும் மணி பதினொன்று பத்து. சாமா உள்ளே போயிருந்தான்.

சீட்டு வாங்கிக்கொண்டு பார்வையாளர் மாடத்துக்கு ஏறினேன். விமானத்தை அவ்வளவு அருகில் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் பள்ளிக்கூடம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்போல இருந்தது. படியேறும் மனிதர்கள் சுண்டுவிரல் அளவு. "டேய் சாமா!" என்று கத்தினேன். உச்சிப்படியில் ஓர் உருவம் திரும்பிக் கை அசைத்தது. பிறகு அத்தனை பெரிய இரும்பு, கைப்பிடிச் சுவர் அதிர, தரையை விட்டு எழும்பியது. எப்படி என்று விஞ்ஞான வகுப்பில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அன்று ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

பாஸில் போகிறவர்கள் அது எந்தக் கேட் வரை செல்லும் என்று முதலில் பாருங்கள். கேட்டின் எண்ணை விரலைக் காட்டிக் கேளுங்கள். கேட்டிலிருந்து உள்ளே நடக்கக் கால் மணி நேரம் ஆகும். ஒருவரைச் சந்திப்பதற்கென்றால், இரண்டு பஸ் முன்னாலேயே ஏறுங்கள்.

மூன்று வாரம் கழித்து சாமாவின் கடிதம் வந்தது: "மாடத்தில் நீ எங்கே நின்றாய் என்று தெரியவில்லை, அண்ணா. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் சேர்த்துக் கை காட்டினேன்."