பிரபுவின் பட்டமும் எனக்கு வைக்கும் கொள்ளியும்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று மெல்பேர்னில் என் பெயின்ற் கொம்பனி வான்கள் ஓடாத தெரு குறைவு. கிளென் வேவர்லியில் இருக்கும் என் வீட்டை யாரும் எனக்குத் தூக்கித் தரவில்லை. இருந்தும் பழைய வீடு என்றால் இன்றும் நானே பிரஷோடு போய் நிற்பேன். என் கை போல வேறு கை வராது.

அப்படித்தான் த பேசின் என்ற மலையடிப் புறநகரில், பிள்ளையார் கோவிலுக்குப் போகிற வழியில், ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் மரவீட்டுக்குப் போனேன். மின்சார வேலை செய்து ஓய்வு பெற்றவர். கால் வழங்காது. ஐம்பது தாண்டிய ஒரே மகள் வேலையை விட்டுவிட்டு அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடைச் சுவரில் பெரிய கண்ணாடிச் சட்டம் ஒன்று தொங்கியது. கழற்றினால்தான் பெயின்ற் அடிக்கலாம். கழற்றிப் பார்த்தால், உள்ளே ஒரு இங்கிலாந்துப் பிரபு குடும்பத்தின் வம்ச வரிசை. கிழவரின் தாத்தா அந்த வீட்டின் இளைய மகன். கப்பலேறி இங்கே வந்துவிட்டார். அங்கிருந்த மூத்த கிளையில் ஆண்பிள்ளை இல்லாமல் போக, பட்டம் கடல் தாண்டி இவரிடம் வந்திருக்கிறது. பிரபுவின் சுவருக்கு நான் பெயின்ற் அடித்திருக்கிறேன்!

ஆண்களின் பெயர்களுக்குக் கீழே கோடு இறங்கியது. பெண்களின் பெயர்களுக்குக் கீழே வெறுமை.

“இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லையா?” என்று கேட்டேன்.

“இருந்தார்கள். பட்டம் பெண் வழியில் இறங்காது. அதனால் எழுதவில்லை” என்றார் கிழவர்.

“உங்களுக்குப் பிறகு?”

“இங்கிலாந்தில் தூரத்து உறவுப் பையன் ஒருவன். நான் கண்டதில்லை.”

“பட்டம் அவனுக்கு, படுக்கைத் துணி எனக்கு” என்றாள் மகள். கிழவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் என் மகளிடம் கொதித்தேன். எனக்கும் அவள் ஒரே பிள்ளை; மனைவி இறந்த பிறகு என்னோடு இருப்பவள் அவள் ஒருத்திதான்.

“பெத்த பிள்ளை பக்கத்தில நிக்க, முகம் தெரியாதவனுக்குக் குடுக்கினமாம். வெள்ளையளுக்கு விசரே?”

அவள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். “அப்பா, உங்களுக்குக் கொள்ளி வைக்கிறது ஆர்?”

அதை நான் எப்போதோ ஒழுங்குபடுத்திவிட்டேன். கோவிலில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். “கொண்ணன், உன்ர பெரியப்பாவின்ர மகன். ரொறன்ரோவில இருந்து வருவான்.”

“அவர் உங்களைக் கடைசியா எப்ப பாத்தவர்?”

நான் கறிச் சட்டியை என் பக்கம் இழுத்தேன்.

“செத்தவீட்டண்டைக்கு நான் எங்க நிக்கிறது?”

“அது எங்கட வழக்கம், பிள்ளை.”

“ஓம். அவையும் அதைத்தானே சொல்லினம்.”

மறுநாள் காலையில் அவள் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிற்கும்போதே அண்ணன் மகனுக்குப் போன் எடுத்தேன்.

“தம்பி, எனக்குக் கொள்ளி வைக்க நீ வரத் தேவையில்லை. தங்கச்சி வைப்பாள்.”

“ஏன் சித்தப்பா, நான் என்ன பிழை விட்டனான்? சனம் கதைக்கும்.”

“கதைக்கட்டும். என்ர செத்தவீட்டுக்கு நான்தான் முதலாளி.”

இங்கே கொள்ளி என்றால் எரியூட்டும் மண்டபத்தில் பொத்தானை அமத்துவதுதான். அவளுக்கும் அது தெரியும். கார்ச் சாவியைக் கையில் பிடித்தபடி கதவடியில் நின்றாள்.

“எனக்குக் கை நடுங்கும், அப்பா.”

“நடுங்கினா மற்றக் கையையும் சேர்த்து அமத்து.”

சாவியை மேசையில் வைத்துவிட்டு என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அன்று அவள் வேலைக்குப் பிந்தித்தான் போனாள்.