வரப்போரத்துக் கற்கள்

காரிமங்கலத்துக்கு அப்பால், கடலைக்காட்டின் நடுவே இருந்த ஓட்டு வீட்டைப் பேராசிரியர் வாடகைக்குப் பிடித்துக் கணித ஆராய்ச்சி மையம் தொடங்கியபோது, அங்கே சமையல், காவல், சாக்பீஸ் வாங்குவது எல்லாம் நான்தான். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்கு முன் பெங்களூரில் ஓர் ஓட்டலில் பரிமாறிக்கொண்டிருந்தேன். மேசையில் கேட்பதை அடுப்படிக்கு எட்டும்படி கத்த வேண்டும். எனக்கு நாலு பேர் முன்னால் குரல் எழும்பாது. மசால் தோசை கேட்டவர் காத்திருந்து எழுந்து போய்விடுவார். மையத்தில் அந்தத் தொல்லை இல்லை. காலை பதினொரு மணி வரை யாரும் யாரோடும் பேசக் கூடாது என்பது பேராசிரியர் வைத்த முதல் சட்டம். எனக்காகவே போட்டதுபோல் இருந்தது.

கல்லூரி வேலையை விட்டு வந்தவர் அவர். தலைக்குமேல் அதிகாரி இருந்தால் யோசனை ஓடாது என்பார். அவரோடு இரண்டு இளைஞர்கள் தங்கியிருந்தார்கள். விடிந்ததும் மூன்று பேரும் ஆளுக்கொரு வரப்பில் நடப்பார்கள். நடந்தால்தான் கணக்கு வருமாம். எதிரெதிரே வந்துவிட்டால் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வார்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள், பாகப்பிரிவினையில் சண்டை போட்ட அண்ணன் தம்பிகள் என்றுதான் நினைப்பார்கள்.

இளைஞர்களில் உயரமானவருக்கு ஒரு பழக்கம். யோசனை எந்த இடத்தில் நின்றதோ அங்கே ஒரு கல்லை வைத்து, சாக்பீஸால் எண் எழுதிவிட்டு வருவார். மறுநாள் அந்தக் கல்லருகே போய் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பார். மழையில் எண் அழிந்தால் மறுபடி எழுதுவார். கார்த்திகைக்குள் வரப்போரமெல்லாம் எண் போட்ட கற்கள்.

அந்தச் சமயத்தில் ஓசூர்ப் பக்கம் கம்பெனிகளுக்கு நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எண் போட்ட கல்லைப் பார்த்தால் ஊர் சும்மா இருக்குமா? ஒருநாள் காலை வீட்டுக்காரர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கடலைக்காடும் அவருடையதுதான்.

"அளக்க வந்தவங்கன்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா வூடே குடுத்திருக்க மாட்டனுங்க. நாளைக்குள்ள காலி பண்ணுங்க."

பேராசிரியர் பதறிப்போய் விளக்கினார். விளக்க விளக்க நிலைமை மோசமானது. உங்கள் நிலத்தை நாங்கள் அளக்கவில்லை, கண்ணால் பார்க்க முடியாத பரப்புகளைப் பற்றி யோசிக்கிறோம் என்றார். அது எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டார். எளிமையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "வரப்பே இல்லாத நிலம்னு வச்சுக்குங்களேன்," என்றார்.

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. வரப்பை உடைத்துத்தான் கம்பெனி கட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னோர் இளைஞர், மணி பதினொன்று ஆகாததால், வாயே திறக்கவில்லை. வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"ஏப்பா, நீ நம்ம பக்கத்து ஆளு. நீ சொல்லு."

அங்கே நாலு பேருக்கு மேலேயே நின்றார்கள். மையத்தை மூடினால் மறுபடியும் பெங்களூர், மறுபடியும் கத்த வேண்டும்.

அப்போது உயரமானவர் வரப்பு வழியாக வந்தார். கூட்டம் அவர் கண்ணில் படவே இல்லை. ஒரு கல்லருகே நின்றார். அதை எடுத்து நாலடி தள்ளி வைத்தார். தலையைச் சொறிந்தார். திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டார். அடுத்த கல்லையும் கொண்டுவந்து போட்டார்.

எப்படித்தான் வந்ததோ, எனக்குக் குரல் வந்தது.

"அளக்கறவங்க, வெச்ச கல்லக் கெணத்துல போடுவாங்களாங்க?"

இன்னொரு கல் தண்ணீரில் விழுந்தது. வீட்டுக்காரர் கிணற்றடிக்குப் போய் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். ஆரம்பத்திலேயே ஒரு தப்பு, ஆடியிலிருந்து செய்ததெல்லாம் வீண் என்றார் உயரமானவர். கண் கலங்கியிருந்தது.

"எல்லாமேவா போச்சு?"

"எல்லாமேங்க."

அந்த வருஷம் வீட்டுக்காரருக்கும் கடலை சரியாகக் காய்க்கவில்லை. "வுடு தம்பி. அடுத்த வெள்ளாமைல பாத்துக்கலாம்," என்று தோளைத் தட்டினார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, பெரியவருக்கும் இப்படித்தானா என்று கேட்டார். அவருக்குப் பல வருஷமாகவே விளைச்சல் இல்லை என்றேன். பேராசிரியரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். இனிமேல் கல்லைக் கிணற்றில் போட வேண்டாம், தூரெடுப்பது கஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

பதினொரு மணிக்கு உயரமானவர் அடுப்படிக்கு வந்தார். கிணற்றடியில் தோளைத் தட்டிப் பேசியவர் யார், அவரும் கணக்குப் போடுகிறவரா, இந்த வேதனை தெரிந்தவராக இருக்கிறாரே என்றார்.

கடலை போடுகிறவர் என்றேன்.