தபாலில் போன பேசிக்

ஈயம் உருகும் வாசனை எங்கே வந்தாலும் எனக்குப் பழைய நாள்கள் திரும்பிவிடுகின்றன. உடனே பதுளைக் கடைத்தெரு. மழை. ரேடியோ திருத்தும் கடை. உள்ளே ஒரு மேசை, அதன் மேல் கடை முதலாளி நானாவின் தம்பி அரபு நாட்டிலிருந்து அனுப்பிய சின்னக் கம்பியூட்டர்.

நான் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து அங்கே வேலைக்கு வந்தவன். அந்தப் பெட்டிக்குள் பேசிக் என்ற கம்பியூட்டர் மொழியை ஒரு சிப்பில் அடைத்தே அனுப்பியிருந்தார்கள். தமிழ் எழுத்து அதற்குத் தெரியாது. ஒன்பது மாதம், கடை ஓய்ந்த நேரமெல்லாம், புள்ளி புள்ளியாகக் கற்றுக்கொடுத்தேன். அ வந்தது. ழ வந்தது. கடைசியில் அக்காவின் பேர் வந்தது.

அக்கா கொழுந்து பறிப்பவள். கைநாட்டு. தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் அவளுக்கு ஒரு பேர், பாஸ்போர்ட்டில் இன்னொன்று, எழுதியவன் இஷ்டம். இலங்கையும் இந்தியாவும் எங்களைப் பங்கு போட்டதில் அவளும் புருஷனும் இந்தியாவின் பங்கில் விழுந்தார்கள். செவ்வாய்க்கிழமை ரயில், பிறகு கப்பல்.

"போறதுக்குள்ள என் பேரு சரியா இருக்கிறத ஒரு தடவ பாத்துக்கிறேன் தம்பி" என்றாள். ஞாயிறு வருவதாகப் பேச்சு.

வெள்ளிக்கிழமை கொழும்புக் கடையொன்றிலிருந்து புதிய பேசிக் வந்தது. அதுவும் ஒரு சிப்தான். கடை மாடியில் நானா வகுப்பு தொடங்கப்போகிறார்; பிள்ளைகளுக்குப் புதியதைத்தான் சொல்லித்தர வேண்டுமாம்.

பழையதை நான்தான் பிடுங்கினேன். அதுகூடக் குற்றமில்லை. தோட்டத்தில் வளர்ந்த கை இது. ஸ்டோரில், தேயிலைச் செடி வெட்டும் பழைய கவ்வாத்துக் கத்தியை ஒப்படைத்தால்தான் புதுக் கத்தி. கேட்கும் முன்பே நீட்டிப் பழகியவர்கள் நாங்கள். புதியது வந்த அதே பெட்டியில் பழையதை வைத்து, கொழும்பு விலாசம் எழுதி, தபாலில் சேர்த்துவிட்டு வந்து, அப்புறம்தான் சுவிட்சைப் போட்டேன்.

என் ஒன்பது மாத வேலையைப் பதிந்து வைத்திருந்த கசெட் சுற்றியது. திரை முழுக்கப் புள்ளிகள், கொட்டிவிட்ட அரிசி மாதிரி. பெட்டியின் நினைவில் என் எழுத்துகளை வைத்திருந்த இடங்களையெல்லாம் புதிய பேசிக் தனக்கென்று எடுத்துக்கொண்டிருந்தது.

"பழசப் போட்டுப் பாரு" என்றார் நானா.

"அனுப்பிட்டேன் நானா."

"எங்க?"

"கொழும்புக்கு. புதுசு குடுத்தாங்கல்ல..."

"அத ஆருடா ஒன்னட்ட கேட்டது?"

யாரும் கேட்கவில்லை. இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

"நல்ல காலம், கடச் சாவிய அனுப்பாம விட்டியே!"

அதற்குள் தபால் பை ரயிலேறிவிட்டது. சனிக்கிழமை முழுவதும் தட்டினேன், தட்டினேன். ஓர் எழுத்து திரும்பவில்லை.

ஞாயிறு காலை அக்கா கல்யாணச் சேலையில் வந்து நின்றாள். நனைந்த தலையைத் துவட்டக்கூட இல்லை, நேரே திரைக்கு முன்னால்.

"இதுதான் என் பேரா?"

நானாவைப் பார்த்தேன். அவர் குனிந்து ஒரு ரேடியோவின் ஆணியைத் திருகத் தொடங்கினார்.

"ஆமாக்கா."

அத்தனை ஆபீஸ்காரர்களும் அவளுக்குச் செய்ததையே நானும் செய்தேன். எதையோ காட்டி, இதுதான் உன் பேர் என்றேன். அவள் விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டாள்.

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். வண்டி நகரும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"அழகா இருக்கு தம்பி என் பேரு. அழிச்சிறாத."