இசக்கிப்பாண்டியின் எண்பது மரங்கள்

2022 பிப்ரவரி 7 – தீவில் தோப்புக் குத்தகை, எண்பது மரம், பத்து வருடம்: செலவு ரூ. 3,20,000
2022 ஏப்ரல் 18 – துருவும் இயந்திரம், டீசல் எஞ்சின்: செலவு ரூ. 2,75,000
2022 மே 2 – இயந்திரத்துக்குக் கப்பல் கூலி: செலவு ரூ. 61,400
2023 மார்ச் 31 – ஆள் கூலி, டீசல், சாக்கு: செலவு ரூ. 2,38,000
அதே நாள் – மாவுக்குக் கப்பல் கூலி: செலவு ரூ. 62,100
2023 ஏப்ரல் 24 – மாவு விற்றது: வரவு ரூ. 3,31,200

ராயபுரத்தில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்யும் இசக்கிப்பாண்டியின் கணக்கு இது. எழுதியவன் அவர் கடைக் கணக்குப்பிள்ளையான நான்.

சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு என்றும், அசல் ஜவ்வரிசி தீவுகளில் வளரும் ஒரு பனையின் தண்டு மாவு என்றும் யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அன்று முதல் மனிதர் தரையில் நடக்கவில்லை. மனைவி ராமசெல்வியின் திருவொற்றியூர் வீட்டை வங்கியில் அடமானம் வைத்தார். அது அவள் அப்பா அவளுக்கென்று கட்டிக்கொடுத்த வீடு.

"ஏங்க, அந்த மரத்தைக் கீறுவாகளா, வெட்டுவாகளா?" என்று அவள் கேட்டாள்.

"உடன்குடிக்காரன்கிட்ட வந்து பனையைப் பத்திக் கேக்கியே! பதநீர் மாதிரி வருசா வருசம் குடுக்கும்."

வரப்போகும் வரவு என்று ஒரு வருட மாவைப் பத்தால் பெருக்கி என்னை எழுதச் சொன்னார். தோப்பைப் போய்ப் பார்க்கவில்லை. கப்பலில் போனால் வாந்தி வருமாம். இயந்திரத்தோடு புளியந்தோப்பு ஃபிட்டர் குணசேகரனை அனுப்பினார். ஜூனில் அவன் போன் செய்தான்.

"அண்ணாச்சி, மொத மரத்தைச் சாச்சாச்சு."

"சாச்சிட்டியா? யாருல சாய்க்கச் சொன்னது?"

"இன்னா அண்ணாச்சி பேஜாரு பண்ற? மாவு தண்டுக்குள்ள கீது. வெட்டாம எப்டி எடுப்ப, ஊசி போட்டா?"

அந்த மரம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் மாவு தரும். அடியில் கிளம்பும் கன்று முற்றப் பன்னிரண்டு வருடம். குத்தகையோ பத்து வருடம். அன்றே நிறுத்தி, இயந்திரத்தை விற்றிருந்தால் வீட்டில் பாதியாவது தப்பியிருக்கும். குணசேகரன் சிரித்துவிடுவான் என்று மீதி எழுபத்தொன்பதையும் வெட்டச் சொன்னார். மாவு வந்தது. ராயபுரத்து வியாபாரிகள் அசலுக்கும் சேலத்து விலைதான் கொடுத்தார்கள். இயந்திரத்தைத் திருப்பிக் கொண்டுவரும் கூலி அதன் இரும்பு விலையைத் தாண்டியதால் அது அங்கேயே துருப்பிடிக்கிறது.

ஆறு லட்சத்து இருபத்தையாயிரத்து முந்நூறு நஷ்டம். அவரைக் கேட்டால், தீவுக்காரர்களுக்குத் தொழில் தெரியவில்லை என்பார்.

ராமசெல்வி வங்கிக்கு மூன்று முறை அவகாசம் கேட்டு எழுதினாள். இரண்டு முறை கொடுத்தார்கள். வீடு ஏலம் போய்விட்டது, சாவியை ஒப்படைக்கவும் என்ற கடைசிக் கடிதம் அவள் பெயருக்கு வந்தது 2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை.