நான்காவது ஏர்கன்

என்னிடம் ஏற்கனவே மூன்று ஏர்கன்கள் இருந்தன. எதுவும் தகரத்தைத் துளைக்கவில்லை என்று, வேகம் கூடிய நான்காவதை வாங்கினேன். கராச்சர்மா என்ற ஊரில் எங்கள் வீட்டின் பின்பக்கம் சுட்டுப் பார்த்தபோது, குண்டு சுவரில் பட்டுத் தெறித்து, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவியின் புருவத்தைக் கிழித்தது. கண் மயிரிழையில் தப்பியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆனது என்று இந்தியில் கேட்டார். "தர்வாஸா லக் கயா, சார்" என்றாள். கதவு இடித்துவிட்டதாம்.

திரும்பும்போது ஆட்டோவில், "ஏன் பொய் சொன்னே?" என்றேன்.

"உண்மையைச் சொன்னா போலீஸ் வந்து துப்பாக்கியைப் பிடுங்கிட்டுப் போவாங்க. நீங்க உடனே இன்னொன்னு வாங்குவீங்க."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளுக்குத் தையல் போட்டபோது, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதியுள்ள துப்பாக்கியை வாங்கியிருக்கலாமே என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.