அலமாரிப் பாட்டில் குறையவே இல்லை

நர்சரி என்று பெயர் வைத்த புண்ணியவானைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்க வேண்டும். பிள்ளைகள் வளரும் இடமாம்! அங்கே வளர்வதெல்லாம் சளியும் இருமலும்தான்.

கண்ணாடிக்காரியின் மகள், இரண்டு வயதுச் சுண்டெலி, அங்கே சேர்ந்த நாளிலிருந்து ஒரு வாரம் முழுசாகப் போனதில்லை. மூக்கு ஒழுகி முடிந்தால் காது வலி. காது ஆறினால் வயிற்றுப்போக்கு. அதுவும் ஓய்ந்து அப்பாடா என்று உட்கார்ந்தால் கண் சிவந்து பீளை தள்ளும். "முதல் வருஷம் அப்படித்தாம்மா இருக்கும், எதிர்ப்பு சக்தி வளருது" என்று டாக்டரம்மா சொல்வார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விடுவார். அது வளர்கிற வரைக்கும் யார் லீவு போடுவது?

கண்ணாடிக்காரி என்பது கடையில் வைத்த பெயர். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸின் விளிம்பைத் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்துவது அவள் வேலை. ஜன்னல் இல்லாத அறை. மெஷின் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே தேய்க்கும், வெள்ளைச் சேறு முழங்கை வரை தெறிக்கும். மயிரிழை அதிகமாகத் தேய்ந்துவிட்டால் லென்ஸ் குப்பைக்குத்தான். அவளுக்கு அந்த வேலை உயிர். பகல் முழுக்க அவள் முந்தானையைப் பிடித்து யாரும் இழுக்காத இடம் அது ஒன்றுதான்.

முதலாளியும் கெட்டவர் இல்லை. ஆனால் கண்ணாடி வராமல் கடையில் காத்துக் கிடப்பவர்களுக்கு அவர்தானே பதில் சொல்ல வேண்டும்? "இன்னொரு தடவை வரலைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேம்மா. கோச்சுக்காத" என்று போன தடவையே சொல்லிவிட்டார். கோபித்துக்கொண்டு அவள் எங்கே போவாள்?

கணவனுக்கு பேக்கரியில் ராத்திரி வேலை. விடிகிற நேரத்தில் புருவமெல்லாம் மாவோடு அவன் வருவான், இவள் கிளம்புவாள். பிள்ளை நர்சரியில் இருக்கிற நேரம்தான் அவன் தூங்கும் நேரம். பிள்ளை வீட்டில் இருந்தால் தூக்கம் போச்சு. அப்படித் தூங்காமல் போன ஒரு ராத்திரி, அடுப்புத் தட்டில் கையை வைத்துப் பழுக்கச் சுட்டுக்கொண்டு வந்தான்.

நர்சரி வாசலில் ஒரு டீச்சர் நிற்பார். காய்ச்சல் பார்க்கும் கருவியைத் துப்பாக்கி மாதிரி ஒவ்வொரு பிள்ளையின் நெற்றிக்கும் நேராக நீட்டுவார். சூடு காட்டினால் அப்படியே திரும்பிப் போக வேண்டியதுதான். போன மாதம் ஒரு தாய், வீட்டிலேயே காய்ச்சல் மருந்தை ஊற்றி, சூட்டை அடக்கிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய், மத்தியானம் மாட்டிக்கொண்டாள். எல்லோர் முன்னாலும் அவள் மானத்தை வாங்கிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டில் கண்ணாடிக்காரியும் புருஷனும் சேர்ந்து அவளை வறுத்து எடுத்தார்கள்.

"பெத்தவளா அவ? செத்தாலும் நாம அப்படிப் பண்ண மாட்டோம்" என்றான் அவன்.

"சீ, நினைக்கவே கூசுதுங்க" என்றாள் இவள்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள், பாருங்கள்!

ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் பிள்ளையின் நெற்றி அனலாகக் கொதித்தது. கண்ணாடிக்காரிக்கு முதலில் ஞாபகம் வந்தது முதலாளியின் முகம். அதற்காகவே தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. சமையலறை அலமாரியில் காய்ச்சல் மருந்துப் பாட்டில் இருந்தது. அதை எடுத்தால் அளவு குறைந்தது கணவனுக்குத் தெரிந்துவிடுமே! ஆபத்துக்கு இருக்கட்டும் என்று ரகசியமாக இன்னொன்றை வாங்கிக் கைப்பையின் அடியில் வைத்திருந்தாள். அதிலிருந்து ஒரு மூடி ஊற்றினாள். பிள்ளை சப்புக்கொட்டிக் குடித்தது. அவள் குளிக்கப் போனாள்.

குளித்துவிட்டு வந்தபோது கணவன் வந்திருந்தான். பிள்ளை அவன் தோளில் கிடந்தது.

"நல்லாத்தானே இருக்கா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நல்லாத்தாங்க இருக்கா" என்றாள் அவளும், பையைத் தேடுகிற சாக்கில்.

வாசல் டீச்சர் கருவியை நீட்டினார். சூடில்லை. "அட, சமர்த்து!" என்று பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். கண்ணாடிக்காரி திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

மத்தியானம் போன் வந்தது. "ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டா. உடம்பு நெருப்பா கொதிக்குது. உடனே வாங்க." முதலாளி எழுந்து வந்தார். அவள் மேஜையில் மிச்சமிருந்த வேலையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தாலாவது தேவலை.

கிளினிக்குக்குக் கணவனும் தூங்காத கண்ணோடு வந்து சேர்ந்தான்.

"காலைல காய்ச்சல் மருந்து ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்லை டாக்டர்" என்றார்கள் இருவரும், ஒரே மூச்சில்.

டாக்டரம்மா தலையசைத்தார். நர்ஸ் காய்ச்சல் மருந்தை அளந்து பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள்.

"வேண்டாம்!"

இரண்டு குரலும் சேர்ந்தே வந்தது. அப்புறம்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ குளிச்சிட்டிருந்தப்போ ஒரு மூடி குடுத்தேன்" என்றான் அவன். "என் பையில ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன். எனக்குத் தூங்கணும், வேற ஒண்ணுமே தோணலை."

"நானும் குடுத்தேங்க" என்று அவள் அழுதாள். "அதுக்கு முன்னாடியே."

"வீட்ல மருந்துன்னு பொதுவா ஒண்ணு வச்சுக்க மாட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அலமாரியில இருக்கு டாக்டர். அதை யாரும் தொடலை" என்றாள் கண்ணாடிக்காரி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வருகிற வரைக்கும் கண்ணாடிக்காரி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அதன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் சளிக்கும் காய்ச்சலுக்கும் பயந்தவளுக்கு இப்போது தன்னை நினைத்தே பயமாக இருந்தது.

நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. "மூணாவது மூடியும் உள்ள போயிருந்தா என்னன்னு நான் சொல்ல விரும்பலை. காய்ச்சல் சுத்தமா விடற வரைக்கும் வீட்லயே வச்சுக்கோங்க" என்றார் டாக்டரம்மா. இருவரும் தலையை ஆட்டினார்கள். அந்த நேரத்தில் மனசாரத்தான் ஆட்டினார்கள்.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். "நாளைக்கு வரியா, இல்லையா? அதை மட்டும் சொல்லும்மா."

கணவன் வேலைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். பித்தானைக் கூடச் சரியாகப் போட முடியவில்லை, அத்தனை அசதி. அவள் அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"வரேன் சார்" என்றாள்.

மறுநாள் விடியலில் பிள்ளையின் நெற்றி சுட்டது. நேற்றைப் போல இல்லை, ஆனால் சுட்டது. வேலையிலிருந்து வந்தவனும் கிளம்ப வேண்டியவளும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"நான் குடுத்துடறேன்" என்றாள் அவள். "நீங்க குடுத்துடாதீங்க."

"சரி" என்றான் அவன். பிள்ளையின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.